ஆமெனுக்குப் பிறகு

என்னிடம் ஒரு செபமாலை மோதிரம் இருக்கிறது. வெள்ளி நிறத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பத்து முத்துகள், நடுவில் நகத்தளவு சிலுவை. முத்து என்றால் கோத்த முத்து இல்லை, உலோகத்திலேயே எழும்பி நிற்கிற புடைப்புதான். கடற்கரைப் பெண்கள் பஸ்ஸில் போகும்போதும் வரிசையில் நிற்கும்போதும் இதை விரலிலேயே உருட்டி, முத்துக்கு ஒரு மரியே வாழ்க சொல்லிக்கொள்வார்கள். இது என்னுடைய மோதிரம் அல்ல. என் விரலில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற பச்சை உடுப்பின் பைக்குள், ஒரு ஊக்கில் குத்தி வைத்திருக்கிறேன். நெற்றியில் திருநீறும் பையில் செபமாலை மோதிரமுமாக ஒருத்தி வேலைக்கு வந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். உடை மாற்றுகிற அறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் "அக்கா, நீங்க எந்தச் சபை?" என்று கேட்பார்கள். தெரிந்த ஒருத்தியுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வேன். இதையே பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் பிளஸ் டூ முடித்தேன். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன், தோவாளைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் உண்டு. நர்சிங் சேரும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர்தான், மேற்கே மிஷன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் தியேட்டர் டெக்னாலஜி என்று இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, படித்தவர்கள் யாரும் வீட்டில் சும்மா இருக்கவில்லை என்று சொன்னார். அது என்ன படிப்பு என்று அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சினிமா தியேட்டரோ என்று அவள் பயந்தாள் என்பதை எங்கள் வீட்டில் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். வயிற்றைத் திறக்கிறவர் டாக்டர். கத்தி, கத்தரி, ஊசி, நூல் என்று நூறு சாமான்களைக் கிருமி படாமல் அடுக்கிவைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று, கேட்கிறதற்கு முன்னே கையில் வைத்துக் கொடுக்கிற ஆள்தான் நாங்கள். அவ்வளவுதான் படிப்பு. ஆனால் அந்த 'கிருமி படாமல்' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஆறு மாதம் போய்விட்டது. போக வைத்தவள் நான்.

அந்தக் கல்லூரியில் காலையில் முதல் வேலை சிற்றாலயத்தில் அரைமணி நேர ஆராதனை. எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர். பதினாறு பேர் அந்த மிஷனின் புராட்டஸ்டன்ட் சபைப் பிள்ளைகளோ அதற்கு நெருங்கிய சபைப் பிள்ளைகளோதான். எல்லாப் பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம். பாட்டுத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி இனயம் கடற்கரையில் இருந்து வந்த கத்தோலிக்கப் பெண். நானும் கிறிஸ்தவள்தானே என்று நம்பி வந்தவளுக்கு, மாதாவும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை, முழங்கால் போட இடமும் இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. என்னைவிட அவளுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். எனக்கு முதலிலேயே ஒன்றும் இல்லை என்று தெரியும். அவளை எல்லோரும் இனயத்துக்காரி என்றார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இறால் உரித்துப் பழகிய விரல்கள் அவளுக்கு. முடிச்சுப் போடுவதிலும் நூல் கோப்பதிலும் வகுப்பில் யாரும் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. சிரித்தால் விடுதியின் மறுமுனை வரை கேட்கும்.

ஜெபம் தொடங்கினால் எல்லோரும் கண்ணை மூடுவார்கள். எனக்கு மட்டும் மூட வராது. பிடிவாதம் என்று சிலர் நினைத்தார்கள். பிடிவாதம் இல்லை. எங்களுக்குச் சாமி என்றால் பார்க்கத்தான். அம்மாவின் ஊர் திருவட்டாறு. அங்கே பெருமாள் அவ்வளவு நீளமாகப் படுத்திருப்பார், மூன்று வாசல் வழியாக மூன்று தடவை எட்டிப் பார்த்தால்தான் தலையில் இருந்து கால்வரை முழுசாகக் கிடைக்கும். வரிசையில் நின்று அவ்வளவு கூட்டத்தில் முன்னே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அம்மா மண்டையில் ஒரு குட்டு வைப்பாள். அந்தப் பழக்கம். இனயத்துக்காரி பக்கத்தில் இருந்து முழங்கையால் இடிப்பாள். "ஏட்டி, கண்ண மூடு. நீ முழிக்க முழி கண்டு ஆண்டவரே பேடிச்சுப் போவாரு" என்பாள். அதே பழக்கத்தை, ஆபரேஷனுக்கு முன் நடக்கிற ஜெபத்தில் எங்கள் தியேட்டர் சிஸ்டர் கண்டுபிடித்தார். தியேட்டருக்கே பொறுப்பான நர்ஸ் அவர், சாந்தமான மனுஷி, ஆனால் அவர் கண்ணில் இருந்து எதுவும் தப்பாது. திட்டப்போகிறார் என்று நின்றேன். "ஒருத்தி முழிச்சிருக்கது தியேட்டருக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நான் ஒரு பட்டம் வாங்கியதுபோல வீட்டுக்கு போன் செய்து சொன்னேன். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் முதல் தப்பு என்று படுகிறது.

தியேட்டர் வேலையில் இரண்டு பேர் ஜோடி. ஒருத்தி முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய கவுனும் கிளவுஸும் போட்டு, டாக்டர் பக்கத்தில் நிற்பாள். அதன்பிறகு அவள் கைகள் மார்புக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, தனக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. யாரும் அவளைத் தொடக் கூடாது, அவளும் யாரையும் தொடக் கூடாது. மற்றவள் கழுவாமல் வெளியே நின்று, கேட்கிற பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பது, விளக்கைத் திருப்புவது போன்ற வேலைகளைப் பார்ப்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. அவள் கழுவுகிற நாளில் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தருவாள், நான் அதை என் பையின் உள்பக்கம் ஊக்கில் குத்திக்கொள்வேன். நான் கழுவுகிற நாளில் என் மூக்குத்தியும் கையில் கட்டிய கறுப்புக் கயிறும் அவள் பைக்குப் போகும். இது தியேட்டரில் எல்லா ஜோடியும் செய்கிறதுதான். நம் உடம்பில் கிடக்கிறதை இன்னொருத்தியை நம்பிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

தியேட்டர் சிஸ்டருக்கு ஒரு சட்டம் இருந்தது. கிருமி நீக்கிய கை எங்கேயாவது பட்டுவிட்டால் உடனே 'கை பட்டுட்டு' என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒரு திட்டும் கிடையாது, கிளவுஸை மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். ஒரு நாளில் நாலு தடவை சொன்னவளும் உண்டு. ஆனால் பட்டதைச் சொல்லாமல் இருந்து இன்னொருவர் கண்டுபிடித்துச் சொன்னால், அவருடைய நோட்டில் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு வட்டம். "சொன்னா கிளவுஸ மாத்தலாம், சொல்லாட்டா ஆள மாத்தணும்" என்பார். மூன்று வட்டம் விழுந்தால் அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வு எழுத முடியாது, ஆறு மாதம் கழித்து அடுத்த வகுப்போடு சேர்ந்து எழுத வேண்டும். கடுமையான சட்டம்தான். ஆனால் நியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். நம் கையில் பட்டது நமக்கு மட்டும்தான் தெரியும் என்கிற சமயங்கள் அந்த வேலையில் அத்தனை உண்டு.

இனயத்துக்காரியின் கைக்கு ஒரு நோய் இருந்தது. நோய் என்று அவளே சொன்னதுதான். அந்த ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பதற்கு முன் பெரிய டாக்டர் நோயாளியின் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் செய்வார். எல்லோரும் கண்ணை மூடி ஆமென் சொல்வார்கள். அந்த ஆமென் காதில் விழுந்தால் இவள் கை தானாக நெற்றிக்குப் போகும். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். வள்ளம் கடலில் இறங்கும்போதும், கோயிலைத் தாண்டி பஸ் போகும்போதும், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் நடக்கத் தெரிந்த நாளில் இருந்து போட்ட சிலுவை. மூளையைக் கேட்டுக்கொண்டு அந்தக் கை எழும்புவதில்லை. ஆனால் நெற்றியும் தோளும் தியேட்டரில் சுத்தமில்லாத இடங்கள். முதல் தடவை அவள் சிலுவை போட்டபோது தியேட்டர் சிஸ்டரே பார்த்துவிட்டார். அவளுக்குத் தான் போட்டதே தெரியவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. ஒரு வட்டம். கழுவுகிற தொட்டியிலேயே சிலுவையைப் போட்டு முடித்துவிட்டு வா என்று சிஸ்டர் நயமாகத்தான் சொன்னார். இரண்டாவது வட்டம் வேறு காரியம், கவுனின் கைப்பகுதி குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியில் உரசியது, அவள் கவனிக்கவில்லை, சீனியர் ஒருத்தி கவனித்தாள்.

இரண்டு வட்டம் விழுந்ததும் அவளுக்கு உறக்கம் போய்விட்டது. அவள் அண்ணன் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் டிரைவர். அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டருக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், சான்றிதழ் கையில் இருந்தால் உள்ளே நுழைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். அப்பா நெஞ்சுவலி வந்து கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தார். வீட்டில் எல்லோரும் இவள் சான்றிதழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஜெப நேரத்தில் இரண்டு கையாலும் மடித்த துணிப் பேட் ஒன்றைப் பிடித்துக்கொள், கை காலியாக இருந்தால்தானே எழும்பும் என்றேன். அதற்கு விடுதி அறையில் தினமும் ஒத்திகை. பெரிய டாக்டரின் குரலில் நான் ஜெபம் செய்வேன், "ஆமென்" என்பேன், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துண்டை இறுக்கிப் பிடித்து நிற்பாள். கை துள்ளும். இன்னொரு ஆமென். ஒரு மாலையில் முப்பது ஆமென் சொல்லியிருப்பேன். வராந்தாவில் போன வார்டன் அக்கா வெளியே நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் கண் கலங்க என்னைக் கூப்பிட்டு, தன் கையெழுத்துப் போட்டு ஒரு புதிய ஏற்பாடு பரிசாகத் தந்தார். இனயத்துக்காரி கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். "கொள்ளாம் மக்கா, எனக்கச் சிலுவைய நிறுத்தப் போயி நீ ஞானஸ்நானம் வாங்கிருவ போல" என்றாள். என் வாழ்க்கையில் ஒருத்தியோடு அவ்வளவு சிரித்தது அந்த அறையில்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு மனிதருக்குக் குடலிறக்க ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள், ஆள் விழித்துத்தான் இருந்தார். இனயத்துக்காரி கழுவி நின்றாள். நான் வெளிவேலை. அவள் மோதிரம் என் பையில். துணிப் பேட்டை இரண்டு கையிலும் பிடித்துத் தயாராகத்தான் நின்றாள். கடைசி நிமிடத்தில் டாக்டர் மருந்து தடவ இன்னொரு பஞ்சு கேட்டார். பேட்டை ட்ராலியில் வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கை திரும்புவதற்குள் அவர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியான அவள் கைகள் மார்புக்கு முன்னால் நின்றன. ஆமென் என்றதும் வலது கை எழும்பியது. நெற்றியில் தொப்பியின் விளிம்பு, மார்பு, இடது தோள், வலது தோள். பிறகு கிளம்பிய இடத்துக்கே வந்து ஒன்றும் நடக்காததுபோல நின்றது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். தான் செய்தது இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருந்தது. தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே இரண்டு கண்கள்தான், ஆனால் நன்றாகத் தெரிந்தது. டாக்டர் இன்னும் கத்தி கேட்கவில்லை. மயக்கம் கொடுக்கிற டாக்டரிடம் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது. இதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், நேரம் இருக்கத்தான் செய்தது. அவள் மாஸ்க் துணி உள்ளே உறிஞ்சப்பட்டு வாயோடு ஒட்டியது. பேசுவதற்கு முன்னால் ஒரு ஆள் மூச்சு இழுத்தால் அப்படித்தான் ஒட்டும். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் என் வாய் திறந்துவிட்டது. "சிஸ்டர், அவளுக்குக் கை பட்டுட்டு." சின்ன வயதில் இருந்தே அம்மா சொல்வாள், உனக்கு நாக்கு முந்தும் புத்தி பிந்தும் என்று. தம்பி மாங்காய் பறித்ததை அவன் கீழே இறங்குவதற்கு முன்பே போய்ச் சொல்லுகிற ஆள் நான். ஆனால் அன்றைக்கு அது மட்டும்தானா என்றும் தெரியவில்லை. நோயாளிக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் உண்மைதான். அதோடு, தியேட்டரில் முழித்திருக்கிற ஒருத்தி நான்தான் என்ற நினைப்பும் அந்தக் குரலில் இருந்தது. எனக்கே கேட்டது.

தியேட்டர் சிஸ்டர் அவளைப் பார்த்து, எங்கே பட்டது என்று கேட்டார். நெற்றியில் என்றாள். தெரிந்துதானே இருந்தது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் பட்ட கையையே குனிந்து பார்த்தாள். இன்னொருத்தி சொன்ன பிறகு 'சொல்லத்தான் வந்தேன்' என்றால் எவர் நம்புவார்? மேஜையில் கிடந்த மனிதர் பயந்துபோய், "என்ன சிஸ்டர், எனக்கு எதாவது ஆயிப்போச்சா?" என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சிஸ்டர் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைக் கழுவி வரச் சொன்னார். கழுவினேன். கவுன் போட்டேன். அவள் அடுக்கி வைத்த ட்ராலியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சாமான்கள் எல்லாம் டாக்டர் கேட்கப்போகிற வரிசையிலேயே இருந்தன. என் கவுனுக்கு உள்ளே, பையில், அவள் மோதிரம் குத்திக் கிடந்தது. தையல் போட்டு முடிகிறவரை அதை என்னால் கையால் தொடவும் முடியாது.

அன்றைக்கு மாலை அறைக்குப் போனபோது அவள் பாயையும் பெட்டியையும் கட்டி முடித்திருந்தாள். அடுத்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. செய்தது சரி என்றுதான் அப்போது நினைத்தேன், சரியான காரியத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? அவள் கதவருகில் நின்று சொன்னது இவ்வளவுதான்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன் மக்கா. ஒனக்கு ஒரு நிமிசம் பொறுக்கல்லியா?"

மூன்றாவது வட்டம் விழுந்துவிட்டது. நான் தியேட்டர் சிஸ்டரிடம் போய், அவள் சொல்ல வந்தாள், நான்தான் முந்திவிட்டேன் என்று சொன்னேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மாஸ்க் உள்ளே போனது சிஸ்டர் என்றேன். சும்மா மூச்சு இழுத்தாலும் மாஸ்க் உள்ளே போகும் பிள்ளே என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

விடுதியில் கதை வேறு மாதிரி பரவியது. சிலுவை போட்டதற்காக ஒருத்தியை இந்துப் பெண் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பேச்சு. அதுவரை அவள் சிலுவை போடுவதைக் கேலி செய்த பதினாறு பேரும் ஒரே நாளில் அவள் பக்கம் ஆகிவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். ஒருத்தி எனக்குக் கேட்கும்படி யூதாஸ் என்றாள். வார்டன் அக்கா தந்த புத்தகத்தில் அந்தப் பகுதியைத் தேடி எடுத்துப் படித்தேன், யாரையும் கேட்க முடியாததால். சிற்றாலயத்தில் இனயத்துக்காரி முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். பாட்டுகளும் படித்துக்கொண்டாள். கடைசி பெஞ்சு முழுவதும் எனக்கே. ஜெப நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடிய பிறகு நான் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முழங்கையால் இடிக்க ஆள் இல்லாமல் கண்ணைத் திறந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்பது அந்த மாதங்களில்தான் தெரிந்தது. அழுகை வந்தால் கழுவுகிற தொட்டிக்குப் போய்விடுவேன். அங்கே முகம் நனைந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மோதிரத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். முதல் நாள் மறந்தேன். இரண்டாம் நாள் கொடுக்கப் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் ஒரு எண்ணம் வந்தது. மோதிரம் என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும், என்றைக்காவது கேட்க வந்தே ஆக வேண்டும், வந்தால் பேசித்தானே ஆக வேண்டும் என்று. தூண்டில் போட்டதுபோலத்தான் அதை வைத்திருந்தேன். கடற்கரைக்காரியிடமே தூண்டில் போட்டால் நடக்குமா? அவள் கேட்கவே இல்லை. விரலில் மோதிரம் கிடந்த இடம் மட்டும் கொஞ்ச நாள் வெளுப்பாக இருந்தது, பிறகு அதுவும் வெயிலில் மற்ற விரல்களோடு சேர்ந்துவிட்டது. எங்கள் வகுப்பு தேர்வு எழுதி முடித்து, தொப்பியைத் தூக்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட அன்றைக்கு அவள் கிருமி நீக்குகிற கொதிகலன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. மஸ்கட்டில் அந்த வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். வேலையில் எனக்கு நல்ல பெயர். எந்தத் தவறும் இவள் கண்ணுக்குத் தப்பாது என்று சொல்வார்கள். அப்படி ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பைக்குள் இருக்கிற ஊக்கு நினைவுக்கு வரும். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு மதியம், தக்கலையில் ஒரு ஆபீஸ் காரியம் முடித்து நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னால் இருந்து "ஏட்டி" என்று ஒரு குரல். திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கையில் பெரிய பை, இடுப்பில் ஒரு பையன். மூன்று வருடம் தாமதமாக என்றாலும் மஸ்கட்டுக்கே போய்விட்டாளாம், லீவுக்கு வந்திருக்கிறாள். எனக்கு ஒரு மகள் என்றதும் அவளைப் பற்றிக் கேட்டாள், அம்மாவின் முட்டுவலியைப் பற்றிக் கேட்டாள், இப்போதும் கண்ணை மூடுவதில்லையா என்று கேட்டுச் சிரித்தாள். அதே சிரிப்புதான், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னால்தான் பொறுக்க முடியவில்லை. நீ சொல்லத்தான் வந்தாய், நான் விடவில்லை, அந்த ஆறு மாதத்தை உன்னிடம் இருந்து பறித்துவிட்டேன் என்று கொட்டிவிட்டேன். அவள் பையனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆறு மாசம் போனது ஒண்ணுமில்ல மக்கா. அன்னைக்குக் கோவத்துல சொல்ல வந்தேன்னு சொன்னேன். மூச்சு இழுத்தது நெஜம். சொல்லதுக்கா, மறைக்கதுக்கான்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது, கேட்டியா? நான் எப்படிப்பட்டவளுன்னு எனக்குத் தெரியதுக்கு முந்தி நீ சொல்லிப்போட்ட."

மன்னிக்காமல் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பர்ஸைத் திறந்து மோதிரத்தை எடுத்து நீட்டினேன். வெளியே போகும்போதெல்லாம் அதைப் பர்ஸுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம், எங்கேயாவது அவளைப் பார்த்தால் கொடுக்கலாமே என்று. அவள் வாங்கி விரலில் போட்டுப் பார்த்தாள். கணுவுக்கு மேல் ஏறவில்லை. மறு கையைக் காட்டினாள், அதில் புதிதாக ஒன்று கிடந்தது, தங்கத்தில். "அம்மை வேற வாங்கித் தந்தா. இது ஒனக்கிட்டயே கெடக்கட்டு" என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். கருங்கல் வழியாக இனயம் போகிற பஸ் வந்தது. பையனின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டவைத்துக்கொண்டே ஏறிப் போனாள். பஸ் நகர்ந்ததும் அவள் கை நெற்றிக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொள்ள இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை.

நான் இப்போது வேலை பார்க்கிற இடத்திலும் கத்தி வைப்பதற்கு முன் ஜெபம் உண்டு. எல்லோரும் கண்ணை மூடுவார்கள், நான் மூடுவதில்லை. போன வாரம் ஒரு புதுப் பெண் கழுவி நின்றாள். மார்த்தாண்டம் பக்கம், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜெபம் நடக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டே, நழுவின மாஸ்க்கைப் புறங்கையால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள். நான் அப்போது விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தக்கலையில் இருந்து திரும்பிய நாளில் இருந்து இது என் வழக்கம். கையைப் பைக்குள் விட்டு மோதிரத்தின் சிலுவையில் இருந்து தொடங்கி, மூச்சுக்கு ஒரு முத்தாக விரலால் நகர்த்துவேன். பத்தாவது முத்துக்குள் அவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அதற்கு முன் டாக்டர் கத்திக்குக் கை நீட்டிவிட்டாலும் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அதுவரை அந்த நேரம் அவர்களுடையது. டாக்டர் ரத்த அழுத்தம் கேட்டார். மூன்று, நான்கு. அந்தப் பெண் ட்ராலியைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். ஐந்து, ஆறு. என் நாக்கு துடித்தது, அதற்கு இன்னும் புத்தி வரவில்லை.

"சிஸ்டர், எனக்குக் கை பட்டுட்டு" என்றாள்.

யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நான் புது கிளவுஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ஒரு நல்ல காரியத்தைத் தானே செய்துவிட்ட பெண்ணின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். அவள் சொன்னபோது என் விரல் ஏழாவது முத்தில் இருந்தது. இனயத்துக்காரிக்கு நான் இரண்டு முத்துகூடக் கொடுக்கவில்லை.